மாவு அரைக்க மறந்த செல்

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றைக் குலுக்கவே கூடாது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைப் பொடியாக வரும், ஃபிரிட்ஜில்தான் வைத்திருப்பார்கள். நர்ஸ் கரைப்பு நீரைக் குப்பியின் சுவரோரமாக மெல்ல இறக்கி, விரல்களுக்கு நடுவே குப்பியை மெதுவாகச் சுழற்றிக் கரைப்பார். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும். முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தால் நுரைத்து உருமாறிப் போகிறதல்லவா, அதே கதைதான் இதற்கும், ஏனென்றால் இந்த மருந்தும் ஒரு புரதம். பெயர் எல்-அஸ்பாராஜினேஸ். ஊசி போட்ட பிறகு குழந்தையை உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஒரு மணி நேரமாவது உட்காரவைத்து, உடம்பில் தடிப்பு வருகிறதா, மூச்சு இரைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

மற்ற கீமோ மருந்துகள் பெரும்பாலும் செல்லுக்குள் நுழைந்து வேலை செய்பவை. சில டிஎன்ஏவை உடைக்கும், சில செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும். அஸ்பாராஜினேஸ் புற்றுநோய்ச் செல்லுக்குள் போகவே தேவையில்லை. ரத்தத்தில் சுற்றிக்கொண்டே அங்கிருக்கும் ஒரே ஒரு சத்தை உடைத்துப் போடுகிறது. அந்தச் சத்து கிடைக்காததால் புற்றுநோய்ச் செல் சாகிறது. பக்கத்திலேயே இருக்கும் பெரும்பாலான நல்ல செல்கள் சமாளித்துக்கொள்கின்றன.

அதெப்படி? கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தும் எனக்கு, வருடா வருடம் சொல்லியும் அலுக்காத பாடம் இது. அதே நேரம் இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "புற்றுநோயைப் பட்டினி போடலாம்" என்று நோயாளியின் தட்டிலிருந்து பருப்பையும் முட்டையையும் எடுத்துவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் அமினோ அமிலம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். புரதத்தை ஒரு மணிமாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பு 20 வகை மணிகளைக் கொண்டு மாலை கோக்கிறது. அந்த மணிகள்தான் அமினோ அமிலங்கள். நாம் சாப்பிடும் பருப்பிலும் மீனிலும் இருப்பவை வேறு யாரோ கோத்த மாலைகள். குடல் அவற்றை அறுத்து மணிகளாக உதிர்க்கிறது. ரத்தம் அந்த மணிகளைத் தெருத்தெருவாக எடுத்துப்போகிறது. ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியதை எடுத்து, தனக்கு வேண்டிய வரிசையில் கோத்துக்கொள்கிறது. எந்த இடத்தில் எந்த மணி வர வேண்டும் என்பது கறாராக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சிவப்பு வர வேண்டிய இடத்தில் சிவப்பு இல்லையென்றால் பச்சையை வைத்து ஒப்பேற்ற முடியாது. மற்ற 19 வகையும் குவிந்து கிடந்தாலும் கோப்பது அந்த இடத்தில் நின்றுபோகும்.

இந்த 20-இல் 9 வகையை நம் உடம்பால் செய்ய முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். மீதி 11 வகையை உடம்பே செய்துகொள்ளும். பாடப்புத்தகம் இத்துடன் நிறுத்திவிடும். ஆனால் நம் கதைக்கு முக்கியமானது அதற்கு அடுத்த வரி. "உடம்பால் செய்ய முடியும்" என்றால் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லாலும் எல்லா நேரமும் செய்ய முடியும் என்று அர்த்தம் இல்லை.

நம் ஊர் இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். முன்பு வீட்டுக்கு வீடு மாவு அரைத்தார்கள். இப்போது தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு கிடைக்கிறது. கிரைண்டர் இருக்கிற வீட்டுக்காரர்களும் பாதி நாள் கடை மாவுதான் வாங்குகிறார்கள். கடை ஒரு வாரம் மூடிக் கிடந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. முணுமுணுத்துக்கொண்டே அரிசியையும் உளுந்தையும் ஊறப் போடுவார்கள். ஆனால் கிரைண்டரைத் துணி சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, மூன்று வேளையும் கடை மாவை நம்பி, அதுவும் ஊருக்கே சமைக்கிற ஒரு வீடு இருந்தால்? கடை மூடிய அன்றே அந்த அடுப்பு அணைந்துவிடும்.

அஸ்பாராஜின் என்ற அமினோ அமிலத்தின் கதை இதுதான். அதை அரைக்கும் கிரைண்டரின் பெயர் அஸ்பாராஜின் சிந்தடேஸ். இது ஒரு நொதி, அதாவது செல்லின் வேதிவேலைகளை நடத்திவைக்கும் புரதம். அஸ்பார்ட்டிக் அமிலத்தை எடுத்து, குளுட்டமின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திடமிருந்து ஒரு நைட்ரஜனை வாங்கி ஒட்டினால் அஸ்பாராஜின் தயார். நம் செல்கள் பெரும்பாலும் தேவைப்பட்டால் இந்த வேலையைச் செய்துகொள்ளும். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயான அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவின் செல்களில் இந்த நொதி மிகக் குறைவு. மரபணு இருக்கும், ஆனால் அணைந்து கிடக்கும். பரணில் கிரைண்டர்! அந்தச் செல்கள் வேகமாகப் பெருகுவதால் புரதத் தேவையோ ஏராளம். எல்லா அஸ்பாராஜினையும் ரத்தத்திலிருந்துதான் அள்ளிக்கொள்கின்றன.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1806-இல் பாரிஸில் வோக்லான், ரோபிக்கே என்ற இருவர் அஸ்பாரகஸ் தண்டின் சாற்றிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். மனிதர்கள் முதன்முதலில் தனியாகப் பிரித்துப் பார்த்த அமினோ அமிலம் இதுதான். அந்தச் செடிக்கு நம் பக்கத்து உறவினர் தண்ணீர்விட்டான் கிழங்கு. பெயர்ப் பொருத்தம் அவ்வளவுதான், அந்தக் கிழங்கைச் சாப்பிடுவதற்கும் இந்தச் சிகிச்சைக்கும் சம்பந்தம் இல்லை. அஸ்பாராஜின் உருளைக்கிழங்கிலும் பாலிலும் மீனிலும்கூட இருக்கிறது.

சரி, கடையை மூடினால் இந்தச் செல்கள் செத்துப்போகும் என்பதை யார் கண்டுபிடித்தார்கள்? யாரும் அதைத் தேடிப் போகவில்லை. 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில், கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஜான் கிட் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டிகளை வரவழைத்து, நோய் எதிர்ப்பு சம்பந்தமான சோதனைகள் செய்துகொண்டிருந்தார். முயலில் உருவாக்கிய எதிர்ப்புப் பொருளை எலிக்குக் கொடுப்பார். அது வேலை செய்ய ஒரு துணைப்பொருள் வேண்டும் என்பதற்காகக் கினிப் பன்றியின் ரத்தச் சீரத்தையும் (ரத்தம் உறைந்த பிறகு தெளியும் நீர்) சேர்த்துக் கொடுப்பார். ஒப்பீட்டுக்காகச் சில எலிகளுக்குக் கினிப் பன்றிச் சீரத்தை மட்டும் கொடுத்தார். ஒன்றும் நடக்காது என்று நினைத்துத்தான் இப்படி ஒரு குழுவை வைப்பார்கள்.

அந்த எலிகளின் கட்டிகள் கரைந்தன. குதிரைச் சீரம் கொடுத்துப் பார்த்தார், கரையவில்லை. முயல் சீரம் கொடுத்தார், அதற்கும் அசையவில்லை. கினிப் பன்றியின் ரத்தத்தில் மட்டும் ஏதோ இருக்கிறது. 1953-இல் கிட் இதை வெளியிட்டார். அந்த ஏதோ என்ன என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. ஒப்பீட்டுக் குழுவில் வந்த எதிர்பாராத முடிவைத் தவறு என்று ஒதுக்கிவிட்டுப் போகாமல், நின்று பார்த்தாரே, அந்தப் பொறுமை.

விடை பழைய தாள்களில் தூங்கிக்கொண்டிருந்தது. கினிப் பன்றியின் ரத்தத்தில் அஸ்பாராஜினை உடைக்கும் ஒரு நொதி நிறைய இருக்கிறது என்று 1922-லேயே கிளெமென்டி என்ற இத்தாலியர் எழுதியிருந்தார். நம் மருந்தான அஸ்பாராஜினேஸ் அந்த நொதிதான். புற்றுநோய்க்கும் அதற்கும் அன்றைக்கு எந்தத் தொடர்பும் இல்லை. 1956-இல் நியூமன், மெக்காய் என்ற இருவர், எலியின் ஒருவகைக் கட்டிச் செல்களை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க அஸ்பாராஜின் கட்டாயம் வேண்டும் என்று கண்டிருந்தார்கள். கார்னெலில் இருந்த ஜான் புரூம் இந்த மூன்றையும் ஒன்றுசேர்த்து யோசித்தார். சீரத்தைச் சூடாக்கினார், கூறு கூறாகப் பிரித்தார். அஸ்பாராஜினை உடைக்கும் சக்தி எந்தக் கூறில் இருந்ததோ, கட்டியைக் கரைக்கும் சக்தியும் அதில்தான் இருந்தது. ஒன்று அழிந்தால் மற்றதும் அழிந்தது. 1961-இல் அவர் இதை வெளியிட்டார்.

பிறகு அவர் செய்த இன்னொரு சோதனை எனக்கு இன்னும் அழகாகத் தெரிகிறது. அதே லிம்ஃபோமாச் செல்களை அஸ்பாராஜினே இல்லாத திரவத்தில் வளர்த்துப் பார்த்தார். பெரும்பாலானவை செத்தன. ஒரு சில பிழைத்துப் பெருகின. அந்தப் பிழைத்த செல்களை எலிக்குள் வைத்துக் கினிப் பன்றிச் சீரம் கொடுத்தால், இம்முறை கட்டி கரையவில்லை. பரணிலிருந்து கிரைண்டரை இறக்கிக்கொண்ட செல்கள் அவை. மருந்து ஏன் வேலை செய்கிறது, பிற்காலத்தில் ஏன் வேலை செய்யாமலும் போகும் என்ற இரண்டையும் அந்த ஒரு சோதனையே காட்டிவிட்டது.

ஒரு குழந்தைக்குத் தேவையான அளவு நொதியைக் கினிப் பன்றிகளிடமிருந்து எடுப்பதென்றால் எத்தனை கினிப் பன்றிகள் வேண்டும்! 1964-இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் மேஷ்பர்ன், ரிஸ்டன் இருவரும் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்த அஸ்பாராஜினேஸும் கட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார்கள். பாக்டீரியாவைத் தொட்டி தொட்டியாக வளர்க்கலாம். வழி திறந்தது. 1960-களின் பிற்பாதியில் மனிதர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள், 1978-இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. இந்தியாவில் 1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகியவை பின்பற்றத் தொடங்கிய எம்.சி.பி. 841 என்ற சிகிச்சைத் திட்டத்திலும் இந்த ஊசிக்கு இடம் இருந்தது.

இப்போது மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் (ரத்த அணுக்கள் நீங்கிய திரவம்) அஸ்பாராஜின் ஏறக்குறைய 6 அல்லது 7 மில்லிகிராம்தான் இருக்கும். சிறு குழந்தையின் ரத்தம் முழுவதிலும் சேர்த்துப் பார்த்தாலும் சில உப்புக்கற்கள் எடைதான் வரும். இவ்வளவு கொஞ்சத்தை உடைப்பது என்ன பெரிய வேலை என்று தோன்றலாம். ஆனால் கல்லீரல் புதிதாகச் செய்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், சாப்பாட்டிலிருந்தும் வந்துகொண்டே இருக்கும். ஓட்டைத் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கும் குழாய் மாதிரி. அதற்கு ஈடுகொடுக்க நொதியால்தான் முடியும். ஒரு நொதி மூலக்கூறு ஒரு அஸ்பாராஜினை உடைத்தவுடன் தீர்ந்துபோவதில்லை. உடைத்ததை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும். அஸ்பாராஜின் உடைந்தால் அஸ்பார்ட்டிக் அமிலமும் அம்மோனியாவும் வரும்.

இந்த வேலை எவ்வளவு விடாப்பிடியானது என்பதற்கு ஆய்வகத்தில் ஒரு சாட்சி உண்டு. ஊசி போட்ட குழந்தையின் ரத்தத்தில் அஸ்பாராஜின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்க வேண்டுமானால், எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைத்து அவசரமாகப் பதப்படுத்த வேண்டும். மேஜையில் சும்மா வைத்துவிட்டால், குழாய்க்குள்ளேயே மருந்து தன் வேலையைத் தொடர்ந்து, இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் உடைத்துத் தீர்த்துவிடும். அளக்கும்போது பூஜ்ஜியம் வரும், அது உடம்பின் கணக்கா குழாயின் கணக்கா என்று சொல்ல முடியாது. அதனால் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் அஸ்பாராஜினை அளக்காமல், நொதியின் வேகத்தை அளக்கிறார்கள்.

இன்னொரு வியப்பும் உண்டு. மருந்து பெரிய மூலக்கூறு என்பதால் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீருக்குள் அது அநேகமாக நுழைவதே இல்லை. இருந்தும் அந்த நீரிலும் அஸ்பாராஜின் குறைகிறது. ரத்தத்தில் காலியானதும் அங்கே இருப்பது இங்கே வடிந்து வந்துவிடுகிறது. லுகேமியாச் செல்கள் ஒளிந்துகொள்ள விரும்பும் இடம் அது என்பதால் இது சாதாரண விஷயம் இல்லை.

கடை மூடியதும் செல்லுக்குள் என்ன நடக்கிறது? அஸ்பாராஜினைச் சுமந்து வர வேண்டிய வண்டிகள் வெறுமனே திரும்பி வருகின்றன. இந்த வெறும் வண்டிகளைக் கண்டுபிடிக்கச் செல்லுக்குள் ஒரு காவல்காரப் புரதம் இருக்கிறது. அது மணி அடித்ததும் பொதுவான புரத உற்பத்தி குறையும், கூடவே "கிரைண்டரைப் போடு" என்ற ஆணையும் போகும். ஆரோக்கியமான செல்லில் அந்த ஆணை நிறைவேறும், சில மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். லுகேமியாச் செல்லில் ஆணை போனாலும் கிரைண்டர் போதிய அளவு ஓடாது. பற்றாக்குறை நீடிக்க நீடிக்க, செல் தனக்குள் எப்போதும் வைத்திருக்கும் தன்னழிவு ஏற்பாட்டைத் தொடங்கிவிடும்.

மருந்தின் சிக்கல்களைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். இது பாக்டீரியாவின் புரதம், நம் உடம்புக்கு அந்நியன். அதனால் ஒவ்வாமை வருகிறது. ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம் காக்கவைப்பது இதற்குத்தான். தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்தால் தெரிந்துவிடும். சில குழந்தைகளுக்கு வெளியே ஒன்றுமே தெரியாமல், உடம்பு எதிர்ப்பொருள் செய்து மருந்தைச் சத்தமில்லாமல் செயலிழக்க வைத்துவிடுகிறது. ஊசி போட்டுக்கொண்டே இருப்பார்கள், கடையோ திறந்தே கிடக்கும். என் பார்வையில் ஒவ்வாமையைவிட ஆபத்து இதுதான், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாது. நொதி அளவைச் சோதிக்கும் வசதி எல்லா ஊர்களுக்கும் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான். பாஸ்டனில் நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், 26 வாரமோ அதற்கு மேலோ இந்த மருந்தைத் தாங்கிக்கொண்ட குழந்தைகளில் 90 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். அவ்வளவு காலம் தாங்க முடியாதவர்களில் அது 73 சதவீதம்.

உடம்பின் இந்த எதிர்ப்பைச் சமாளிக்க இரண்டு வழிகள் கண்டார்கள். ஒன்று, மருந்தின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளைப் போர்த்துவது. போர்வை போர்த்திய மருந்தை உடம்பு எளிதில் அடையாளம் காணாது, சீக்கிரம் வெளியேற்றாது. வெறும் ஈ.கோலை மருந்து ஒன்றேகால் நாளில் பாதியாகக் குறையும் என்றால், போர்வையோடு கொடுத்தால் பாதியாக ஐந்தாறு நாள் ஆகும். ஊசிகளின் எண்ணிக்கை குறையும், குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! இன்னொன்று, எர்வினியா என்ற வேறொரு பாக்டீரியாவின் நொதி. செடிகளை அழுக வைக்கும் பாக்டீரியா அது. ஈ.கோலை மருந்துக்கு ஒவ்வாமை வந்த குழந்தைக்கு இதைக் கொடுக்கலாம்.

ஒவ்வாமை தவிர மற்றத் தொல்லைகள் பெரும்பாலும் மருந்து வேலை செய்வதாலேயே வருகின்றன. கல்லீரல் ஓயாமல் புரதம் தயாரிக்கும் தொழிற்சாலை. அஸ்பாராஜின் குறைந்தால் அதன் உற்பத்தியும் தடுமாறும். ரத்தம் உறைவதைச் சமன்படுத்தும் புரதங்கள் குறைந்து ரத்தக் குழாய்க்குள் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். இன்சுலின் குறைந்து சர்க்கரை ஏறலாம். கணையம் வீங்கலாம். வயது கூடக் கூட இந்தத் தொல்லைகளும் கூடுகின்றன.

அப்புறம், சில லுகேமியாச் செல்கள் தப்பிக்கின்றன. புரூம் தட்டில் பார்த்த மாதிரியே கிரைண்டரை இறக்கிக்கொள்வது ஒரு வழி. பக்கத்து வீட்டில் கடன் வாங்குவது இன்னொரு வழி. எலும்பு மஜ்ஜையில் அவற்றோடு இருக்கும் சில நல்ல செல்களும் கொழுப்புச் செல்களும், தாம் செய்த அஸ்பாராஜினிலும் குளுட்டமினிலும் கொஞ்சத்தை வெளியே விடுகின்றன. ரத்தம் காலியாக இருந்தாலும் அந்தச் சின்ன மூலையில் சாப்பாடு ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் அஸ்பாராஜினேஸை ஒருபோதும் தனியாகக் கொடுப்பதில்லை. வின்கிரிஸ்டின், ஸ்டீராய்டு முதலான மருந்துகளோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். அந்தக் கூட்டில் மெத்தோட்ரெக்சேட்டும் உண்டு. அதுவும் ஒருவகையில் நம் கதையைச் சேர்ந்ததுதான். செரின் என்ற அமினோ அமிலத்திலிருந்து கிடைக்கும் ஒற்றைக் கார்பன் துண்டை டிஎன்ஏ செய்யும் இடத்துக்குச் சுமந்து போவது ஃபோலிக் அமிலம். அந்தப் போக்குவரத்தை மெத்தோட்ரெக்சேட் நிறுத்துகிறது. அதன் முன்னோடியான அமினோப்டெரின் மருந்தை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவர் பெயரை ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லிவிட்டுத்தான் நான் வகுப்பை முடிப்பேன்.

ஒரு கடையை மூடி இவ்வளவு சாதிக்க முடிந்தால் மற்றக் கடைகளையும் மூடலாமே என்று எவருக்கும் தோன்றும். தோன்றியது. முதலில் கண் போனது குளுட்டமின் மேல். ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் அமினோ அமிலம் அது. புற்றுநோய்ச் செல்கள் அதை வெறியோடு விழுங்குகின்றன. ஆனால் நல்ல செல்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. குடலின் உள்தோல் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். குளுட்டமினைப் பயன்படுத்தும் பல நொதிகளை ஒரேயடியாக அடைக்கும் டான் என்ற மருந்து 1950-களிலேயே வந்தது. பெரு நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது அது. கட்டிகளைத் தாக்கியது, கூடவே குடலையும் தாக்கியது. நோயாளிகள் தாங்கவில்லை. பிற்பாடு ஒரே ஒரு நொதியை மட்டும் குறிவைத்த டெலாகிளினாஸ்டாட் என்ற மாத்திரை வந்தது. அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது, ஆனால் சிறுநீரகப் புற்றுநோயில் நடந்த சோதனையில், வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. இப்போது டானையே உருமாற்றி, கட்டிக்குள் போன பிறகுதான் விழித்துக்கொள்ளும்படி செய்கிற முயற்சி நடக்கிறது. எல்லாரும் வாங்கும் கடையை மூடினால் ஊரே தவிக்கும். கிரைண்டர் யாரிடம் இல்லை என்று தெரிந்து மூடும்போதுதான் அது சிகிச்சையாகிறது.

அந்த வகையில் அஸ்பாராஜினுக்கு நல்ல வாரிசாக எனக்குத் தெரிவது ஆர்ஜினின். நம் செல்கள் சிட்ருலின் என்ற பொருளிலிருந்து இரண்டே படியில் ஆர்ஜினினைச் செய்துகொள்ளும். சிட்ருலின் தர்பூசணியில் நிறைய உண்டு, பெயரே அந்தப் பழத்தின் அறிவியல் பெயரிலிருந்து வந்ததுதான். அந்த இரண்டு படிகளில் முதல் படிக்கான நொதியைச் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் சிலவும், சில கல்லீரல் புற்றுநோய்களும், ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவில் ஒரு பகுதியும் அணைத்துவிட்டிருக்கின்றன. அந்தச் செல்களுக்கு ஆர்ஜினின் கடைச்சரக்கு. மைக்கோப்ளாஸ்மா என்ற மிகச்சிறிய பாக்டீரியாவிடம் ஆர்ஜினினை உடைக்கும் நொதி இருக்கிறது. அதற்குப் போர்வை போர்த்தி மருந்தாக்கினார்கள்.

கல்லீரல் புற்றுநோயில் இதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில் ஆயுள் கூடவில்லை. மனம் தளராமல் மீசோதீலியோமாவில், அதிலும் மோசமான வகைகளில், கீமோவோடு சேர்த்து 249 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2024-இல் வெளியானது. கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 7.7 மாதம், கீமோவோடு இந்த மருந்தையும் பெற்றவர்களுக்கு 9.3 மாதம். ஒன்றரை மாதம்தானா என்று கேட்காதீர்கள். கீமோவுக்கு எளிதில் அசையாத நோய் அது.

இனி சாப்பாட்டு விஷயம். செரினும் கிளைசினும் இல்லாத தீவனம், மெத்தியோனின் குறைந்த தீவனம் என்று எலிகளில் நிறைய சோதனைகள் நடந்திருக்கின்றன. சில கட்டிகளின் வளர்ச்சி குறைந்ததும் உண்மை. 2018-இல் மார்பகப் புற்றுநோய் வந்த எலிகளில் அஸ்பாராஜினைக் குறைத்தபோது நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்தது என்ற ஆய்வு வெளியானது. உடனே "அஸ்பாரகஸ் சாப்பிட்டால் புற்றுநோய் பரவும்" என்ற தொனியில் உலகம் முழுக்கத் தலைப்புகள். அந்த எலிகள் சாப்பிட்டது ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் எடைபோட்டுக் கலந்த ஆய்வகத் தீவனம். நம் சமையலறையில் அப்படி ஒரு சாப்பாட்டைச் செய்யவே முடியாது. பருப்பை நிறுத்தினால் அஸ்பாராஜினோடு மற்ற 19-உம் சேர்ந்துதான் நிற்கும்.

நிறுத்தினாலும் ரத்தத்தில் அஸ்பாராஜின் தீராது. கல்லீரல் செய்யும், அதுவும் போதாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து மணிகளை ரத்தத்தில் விடும். புற்றுநோய்ச் செல் அதையும் எடுத்துக்கொள்ளும். பட்டினி கிடப்பது நோயாளியின் கை கால் தசைதான். எடை சரிந்துவிட்டால் அடுத்த கீமோவைத் தாங்க முடியாமல் தள்ளிவைக்க நேரிடும். ஊசி மூடும் கடையை உணவுக் கட்டுப்பாட்டால் மூட முடியாது.

இந்த ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகளின் அம்மாக்கள், என் பாடம் என்னவென்று தெரிந்துகொண்டு, என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "பருப்பு கொடுக்கலாமா சார்?" டாக்டர் வேண்டாம் என்று சொல்லாத வரை தாராளமாகக் கொடுங்கம்மா, குழைய வேகவைத்துக் கொடுங்கள் என்பேன். முட்டையென்றால் மஞ்சள்கரு கெட்டியாகும் வரை அவித்துக் கொடுங்கள், வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் அரைவேக்காடு ஆகாது. அதோடு இன்னொன்றும் சொல்வேன். ஊசி போட்ட நாட்களில் குழந்தை மேல்வயிறு வலிக்கிறது, முதுகு வரை இழுக்கிறது என்று சுருண்டு படுத்து வாந்தியும் எடுத்தால், என்ன சாப்பிட்டான் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், கஷாயம் போட வேண்டாம். அது கணையமாக இருக்கலாம். ராத்திரி இரண்டு மணியானாலும் வார்டுக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.